ஆமைக் கத்தியும் கையெழுத்தில்லாத சத்தியக் கடதாசியும்

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளே, நீங்கள் கேட்டு அனுப்பியதை நான் எழுதப்போவதில்லை. வியாபாரக் குறி பதிவதற்கு என்ன படிவம், எத்தனை பிரதி, எதிர்ப்பு மனுவுக்கு எத்தனை நாள் அவகாசம் என்பதையெல்லாம் உங்கள் கைத்தொலைபேசி என்னைவிடச் சரியாகச் சொல்லும். அது சொல்லாத ஒன்றைத்தான் நான் சொல்ல வேண்டும். அதில் எனக்குக் கொஞ்சம் மானக்கேடும் இருக்கிறது, பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

பதுளையில் உட்கார்ந்துகொண்டு வியாபாரக் குறி வேலை பார்க்கிறேன் என்றால் என் கொழும்பு நண்பர்கள் சிரிப்பார்கள். "அங்கே என்ன குறி இருக்கிறது, தேயிலைக் கொழுந்துச் சாக்கில் போடுகிற குறியா?" என்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, காணி உறுதியும் கடை உரிமையும் எழுதிக் காலத்தை ஓட்டிய சட்டத்தரணிதான். இத்தனை வருஷத்தில் பெரிய பெரிய வழக்கறிஞர்களோடு நின்றிருக்கிறேன். ஆனால் இந்தத் தொழிலில் நான் யாரை வியந்து பார்த்தேன் என்று கேட்டால், சட்டப் புத்தகத்தைத் தொட்டே பார்க்காத ஓர் இரும்புக் கடைக்காரியைத்தான் சொல்வேன்.

பெயர் வல்லி. என்னைவிட வயதில் சிறியவர்தான், ஆனால் ஊரே வல்லி அக்கா என்றதால் எனக்கும் அக்காவாகிவிட்டார். பதுளைக் கடைத்தெருவில் அவர் மாமனார் காலத்து இரும்புக் கடை. கணவர் பக்கவாதத்தில் படுத்த பிறகு கடையை அவரே பார்த்துக்கொண்டார். மண்வெட்டி, ஆணி, கம்பி எல்லாக் கடையிலும் கிடைக்கும். அவர் கடையில் மட்டும் கிடைத்தது ஆமைக் கத்தி.

தோட்டத்தில் பிறக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தேயிலைச் செடியைச் சில வருஷத்துக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்குவார்கள். அதற்குக் கவ்வாத்து என்று பெயர். ஒரே வீச்சில் கிளை சீராக விழ வேண்டும். கத்தி மொட்டையாக இருந்தால் கிளை பிளந்துவிடும், பிளவில் தண்ணீர் இறங்கும், செடி உள்ளுக்குள் அழுகும். அதனால் கவ்வாத்துக்காரர்கள் ஊரான் கத்தியைத் தொடமாட்டார்கள். அவரவர் கத்தி அவரவர் கையில். லுணுகலையிலிருந்தும் நமுனுகுலவிலிருந்தும் அப்புத்தளையிலிருந்தும் பஸ் ஏறி வந்து, அலகில் சின்னதாக ஆமை பொறித்த கத்திதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போவார்கள்.

அந்த ஆமை அக்கரைக்குச் சொந்தம். மதுரைக்கு மேற்கே ஒரு சிறிய ஊரில் உள்ள பட்டறை அது. வல்லி அக்காவின் கணவர் ஒரு தடவை அங்கே போய்ப் பேசிவிட்டு வந்ததோடு சரி, இருபது வருஷத்துக்கு மேல் சரக்கு வந்துகொண்டிருந்தது. ஒப்பந்தமில்லை, நியமனக் கடிதமில்லை. தொலைபேசியில் ஒரு பேச்சு, அவ்வளவுதான்.

பிறகு நாட்டில் டொலர் இல்லாமல் இறக்குமதி நின்றுபோன காலம் வந்தது. ஆமைக் கத்தியும் நின்றது. கட்டுப்பாடு தளர்ந்து, மறுபடியும் முதல் சரக்குக்கு அக்கா சொல்லிவைத்திருந்த சமயம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மூச்சிரைக்க என் ஆபீஸ் படியேறி வந்தார்.

"சார், நம்ம ஆமைய தூக்கப் பாக்குறாங்க சார்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து இரண்டு கத்திகளை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று பழைய ஆமைக் கத்தி. மற்றது கொழும்பில் ஒரு கம்பெனி புதிதாகச் செய்து விற்பது. அதிலும் ஆமை.

"இந்த ஆமைக்குக் கழுத்தே இல்ல பாருங்க. இதக் கொண்டாந்த சேல்ஸ்காரர் சொல்றாரு, அவங்க கம்பெனி ஆமைய கொழும்புல பதியப் போறாங்களாம். பதிஞ்சிட்டா வேற யாரும் ஆமை போட்ட கத்தி கொண்டார முடியாதாம். மெய்யா சார்?"

மெய்தான். ஒரு நாட்டில் பதிந்த குறி அடுத்த நாட்டில் தானாகச் செல்லாது. பட்டறைக்காரர் அக்கரையில் பதிந்திருந்தாலும் இங்கே பதியவில்லை. கொழும்புக் கம்பெனி பதிந்துவிட்டால் துறைமுகத்திலேயே அக்காவின் சரக்கை மறிக்கலாம். அந்தக் கடை நிற்பதே அந்தக் கத்தியால்தான்.

என் மூளை வேகமாக ஓடியது. இப்படி ஓடும்போதுதான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும்.

"கவலப்படாதீங்க. அவன் பதியிறதுக்கு முன்ன நாம பதிஞ்சிருவோம். உங்க பேர்ல."

"அவங்க ஆமைய என் பேர்லயா?"

"ஒரு பாதுகாப்புக்குத்தான் அக்கா."

இந்தத் தொழிலில் யாராவது பாதுகாப்பு என்று சொன்னால் உங்கள் பையைத் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள், சொல்பவர் நீங்களாக இருந்தாலும். இப்படி முகவர் தன் பெயரில் பதிந்தால் அதைத் தட்டிக்கேட்கச் சட்டத்தில் இடமுண்டு என்பது எனக்குத் தெரியும். உரிமையாளர் வந்து கேட்டால்தானே, அவர் எங்கே இதையெல்லாம் அறியப்போகிறார் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டாவது கணக்கைத்தான் நான் நம்பினேன். நல்ல நோக்கத்துக்குச் செய்கிறோம் என்று மனதுக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அக்கா தலையாட்டவுமில்லை, மறுக்கவுமில்லை. திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிப் போனார்.

திங்கட்கிழமை விண்ணப்பமும் அதற்கான உறுதிமொழியாகிய சத்தியக் கடதாசியும் தயாராக இருந்தன. அடியில் என் பெயர், என் முத்திரை. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரலை வைத்து வாய்விட்டுப் படித்தார். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்த ஆமைக் குறியின் உண்மையான உரிமையாளர் நானே என்றும், இதில் வேறெவருக்கும் உரித்து இல்லை என்றும்" என்று படித்தவர் அங்கேயே விரலை நிறுத்திவிட்டார்.

"இதச் சொல்றது யாரு சார்?"

"நீங்கதான்."

"யாரு முன்னால?"

"சமாதான நீதவான் முன்னால. சும்மா, ஒரு வழக்கத்துக்கு."

"சத்தியம்னு போட்டிருக்கு. நீங்க சும்மாங்கிறீங்க."

எனக்கு எரிச்சல் வந்தது. வெளிநாட்டுக்காரன் குறியை வெளிநாட்டுக்காரன் வந்து காப்பாற்ற வேண்டும், அவன் தூங்கினால் நாம் என்ன செய்வது என்று ஒரு பிரசங்கமே செய்தேன். அக்கா முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்:

"நம்ம கடையில வலது கைப்பக்கம் கொக்கியில பழைய கத்தி தொங்குமே, பாத்திருக்கீங்களா சார்? கூர் போடக் குடுத்துட்டு கொழும்புக்கு வேலைக்குப் போனவங்க கத்தி அது. சிலது நாலு வருஷமாக் கெடக்கு. ஒவ்வொரு பிடியிலயும் அவங்கவங்க சுட்டு வச்ச அடையாளம் இருக்கு. மாசம் ஒருக்கா நான்தான் தொடைச்சு எண்ணெ போடுறேன். எண்ணெ போட்டதுக்காக அது எனதாயிருமா சார்?"

கவ்வாத்துக்காரர்களின் பழக்கம் எனக்குத் தெரியாததல்ல, நானும் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவன்தான். கத்தி வாங்கியதும் ஆணியைப் பழுக்கக் காய்ச்சிப் பிடியில் ஓர் அடையாளம் சுடுவார்கள். மூன்று புள்ளி, மீன், சிலுவை, ஏதோ ஒன்று. அந்தக் கத்தி மலையில் விழுந்து கிடந்தாலும் இன்னொருவன் எடுத்து வீசமாட்டான், எடுத்துப் பத்திரமாக வைப்பான். எழுதாத இந்தச் சட்டத்தைப் பார்த்து வளர்ந்த நான் அதை மறந்துபோயிருந்தேன். அந்த அம்மாள் மறக்கவில்லை.

மறந்துபோனதை ஒருவர் நினைவூட்டினால் நன்றி வர வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது.

"கத்தி வேற, சட்டம் வேற அக்கா. இன்னைக்கு நீங்க போடலன்னா நாளைக்கு அவன் போடுவான். அப்புறம் கடைய மூடிட்டு எண்ணெய மட்டும் தடவிக்கிட்டு இருங்க."

வாதத்தைக் கட்சிக்காரரிடம் தோற்கிறபோது இப்படித்தான் வாய் நீளும். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. அவர் முகம் வாடியது, குரல் மாறவில்லை.

"கோவிச்சுக்காதீங்க சார். ஆமைய காப்பாத்தணும்னு வந்தேன். எடுத்துக்க வரல. அவரு பேர்லயே போட முடியாதா?"

"முடியும். அவர் கையெழுத்து வேணும், அதிகாரப் பத்திரம் வேணும். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்."

"கேட்டுப் பாப்போம். போன் இருக்குல்ல."

என் ஆபீஸிலிருந்தே எடுத்தோம். "வல்லியம்மாவா, சொல்லுங்கம்மா, வீட்டுக்காரர் நடக்குறாரா?" என்று பாசமாகத்தான் ஆரம்பித்தார் பட்டறைக்காரர். நான் குறுக்கே புகுந்து, என்னைச் சட்டத்தரணி என்று அறிமுகப்படுத்திக்கொண்டு, பதிவு, பாதுகாப்பு என்று அடுக்கினேன். மறுமுனையில் அந்தப் பாசம் போய்விட்டது.

"இந்தப் பாட்ட நான் முன்னமே கேட்டிருக்கேன் வக்கீல் சார். இன்னொரு நாட்டுல எங்க ஏஜென்ட்டு, பதினஞ்சு வருஷம் எங்க உப்பத் தின்னவரு, பாதுகாப்புக்குன்னு சொல்லித்தான் தன் பேர்ல பதிஞ்சாரு. இன்னிக்கு அந்த ஊருக்கு எங்க கத்திய நாங்களே அனுப்ப முடியல. நீங்களும் வந்துட்டீங்களா? சரக்க நிறுத்திடறேன். வேணாம் சாமி."

தொடர்பு அறுந்தது. எனக்கு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு சந்தோஷம்கூட வந்தது. பேனாவை அக்கா பக்கம் தள்ளினேன்.

"பாத்தீங்களா? நீங்க அவருக்காகப் பாக்குறீங்க, அவரு உங்களத் திருடிங்கிறாரு. இப்பவாவது போடுங்க கையெழுத்த."

அக்கா பேனாவை எடுத்தார். போடப்போகிறார் என்றே நினைத்தேன். சத்தியக் கடதாசியின் குறுக்கே, மூலைக்கு மூலை, இரண்டு கோடு இழுத்தார். கீழே எழுதினார்: "இதில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உங்கள் பேரில் பதிய உங்கள் கையெழுத்து வேண்டும். வல்லி." தன் கைத்தொலைபேசியை எடுத்துப் படம் பிடித்து, பட்டறைக்காரருக்கு அனுப்பியும்விட்டார்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். "என்னக்கா பண்ணிட்டீங்க! என் பேரு இருக்கு அதுல. நம்மள நாமே காட்டிக்குடுக்கிறதா?"

"எழுதுனது மெய்தானே சார். இத மறைச்சு வச்சிக்கிட்டு நம்புங்கன்னா அவரு எப்படி நம்புவாரு?"

சொல்லிவிட்டு, சரக்கு வராவிட்டால் கடை எத்தனை மாதம் தாங்கும் என்று என்னிடமே கணக்குக் கேட்டார். பயமில்லாமல் செய்தவர் அல்ல அவர். கடை போய்விடும் என்ற பயம் முழுசாக இருந்தும் செய்தவர். பிளேனில் பறந்து வந்து வாதாடுகிற சட்டத்தரணிகளிடம்கூட நான் பார்க்காத துணிச்சல் அது. ஆனால் அன்றைக்கு அதைத் துணிச்சல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பைத்தியக்காரத்தனம் என்று வீட்டில் போய்ச் சொன்னேன்.

ஒன்பது நாள் அக்கரையிலிருந்து பேச்சே இல்லை. அதற்குள் தோட்டங்களில் கவ்வாத்துத் தொடங்கிவிட்டது. ஆட்கள் பஸ் ஏறி வந்து, கடைச் சுவரில் ஆமைக் கத்தி தொங்கும் ஆணிகள் வெறுமையாக இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். "ஆமை இப்ப வராது. கொழும்புக் கத்தி அடுத்த கடையில இருக்கு. வாங்கினா ஒரு மணித்தியாலத்துக்கு ஒருக்கா தீட்டுங்க" என்று அக்காவே சொல்லி அனுப்பினார். நமுனுகுலப் பக்கத்துக் கவ்வாத்துக்காரர் ஒருவர் கடை வாசலில் நின்று, கொழும்புக் கத்தியால் கிளையெல்லாம் பிளந்துபோய், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் எல்லார் முன்னாலும் தோட்டத் துரை தன்னை ஏசியதைச் சொல்லிக் கண்கலங்கினார். நான் அப்போது கடையில் இருந்தேன். அக்கா உள்ளே போய்விட்டார். நேர்மை யாரோ ஒருவர் முதுகில் ஏறித்தான் நடக்கிறது என்பதை நான் அன்று பார்த்தேன். அதை நீங்களும் மறைக்காமல் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பத்தாம் நாள் பட்டறைக்காரரே கூப்பிட்டார். அக்காவும் நானும் சேர்ந்துதான் கேட்டோம்.

"வல்லியம்மா, என்னைய ஏமாத்துனவங்க யாரும் எழுதுன கடுதாசிய எனக்குக் காட்டுனதில்ல. நீங்க ஏமாத்தாமயே காட்டியிருக்கீங்க. தினம் எடுத்து எடுத்துப் பாத்தேன். எங்க கையெழுத்து போடணும், சொல்லுங்க."

போகிற போக்கில், ஏன் ஆமை என்று கேட்டேன். அவர் முதன்முறையாகச் சிரித்தார். "எங்கப்பாவுக்கு வரையத் தெரிஞ்சது அது ஒண்ணுதாங்க."

பத்திரங்கள் வந்தன. அவர் பெயரில் விண்ணப்பித்தோம். அதற்குப் பிறகுதான் தெரிந்தது, கொழும்புக் கம்பெனி நமக்கு முந்திவிட்டது. அக்கா கோடு கிழித்த அதே திங்கட்கிழமை அவர்கள் விண்ணப்பித்திருந்தார்கள். வெள்ளிக்கிழமையே நான் அக்கா பெயரில் போட்டிருந்தால் நாங்கள்தான் முதல். இதை அவரிடம் சொல்லாமல் விடலாமா என்று யோசித்தேன். மறைக்கிற பழக்கம் அவரிடம் செல்லாது என்று புரிந்திருந்ததால் சொல்லிவிட்டேன்.

"அப்ப வழக்குத்தானே சார்? பேசுவோம்" என்றார். அவ்வளவுதான்.

அவர்கள் விண்ணப்பம் அரசாங்க வர்த்தமானியில் அறிவிப்பாக வந்ததும் பட்டறைக்காரர் சார்பில் எதிர்ப்புப் போட்டேன். இருபது வருஷத்து இறக்குமதிச் சுங்கப் பத்திரங்கள், பழைய கத்திகள், கவ்வாத்துக்காரர்களின் வாக்குமூலங்கள் எல்லாம் சேர்த்தேன். கோடு கிழித்த கடதாசியை மட்டும் கோப்பிலிருந்து எடுத்துவிட்டேன். என் பெயரைக் காப்பாற்றத்தான், வேறு எதற்கு? ஆனால் அக்கரையிலிருந்து பட்டறைக்காரர் அனுப்பிய சத்தியக் கடதாசியில் முதல் இணைப்பே அதுதான். இதைப் பார்த்துத்தான் இந்த அம்மாளை நம்பினேன் என்று எழுதியிருந்தார். நான் மறைத்தது முன்வாசல் வழியாகவே வந்து உட்கார்ந்துகொண்டது.

கொழும்பில் விசாரணை. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கெட்டிக்காரர், நேராக அதையே தூக்கினார். அக்காவிடம் கேட்டார்.

"ஆக, நீங்களும் இந்தக் குறியை எடுத்துக்கொள்ளத்தான் பார்த்தீர்கள். இந்தக் கடதாசியை எழுதச் சொன்னது யார்?"

அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தார். எழுதச் சொன்னது நான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் பாரம் இறங்கியிருக்கும். சொல்லவில்லை.

"எங்க பக்கத்துல எழுதுனதுதாங்க. படிச்சுப் பாத்தேன், சரியில்ல. கோடு போட்டுட்டேன்."

என்னைக் காப்பாற்றுகிறார் என்று புரிந்ததும் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தேன். "அதை எழுதியது நான். இவர் கேட்டு எழுதவில்லை. கையெழுத்துப் போடச் சொல்லி வற்புறுத்தியதும் நான். மறுத்தது இவர்" என்றேன். என் தொழிலுக்கே ஆபத்து வரலாம் என்று தெரிந்துதான் சொன்னேன். முப்பது வருஷத்தில் எத்தனையோ மணி நேரம் நின்று பேசியிருக்கிறேன். நான் திரும்பத் திரும்ப நினைத்து நிம்மதிப்படுவது அந்தச் சில வார்த்தைகளைத்தான். அதுவும் அந்த அம்மாளைப் பார்த்துக் கற்றதுதான்.

விசாரித்த அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு, கொழும்புக் கம்பெனியின் முகாமையாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உங்கள் ஆமையை வரைந்தது யார்?" அவர் தன் சட்டத்தரணியைப் பார்த்தார். சட்டத்தரணி கூரையைப் பார்த்தார்.

நான் சொன்ன மாதிரி அக்கா கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த அறையில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்தவர் ஆமைக்காக இரண்டு பேர் நானே உரிமையாளன் என்று சத்தியம் செய்துகொண்டு நின்றிருப்பார்கள். பட்டறைக்காரர் எங்கள் இருவருக்குமே எதிராக வந்திருப்பார். வேகத்தில் முந்தியிருப்போம், நியாயத்தில் நிற்க ஓர் அடி இடம் இருந்திருக்காது. அதற்குப் பிறகு நான் எந்தச் சத்தியக் கடதாசியையும் கட்சிக்காரரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லாமல் கையெழுத்து வாங்கியதில்லை. படிக்கத் தெரியாதவருக்கு நானே படித்து, "இது நீங்கள் சொல்வதுதானா?" என்று கேட்பேன். ஜூனியர்கள் என்னைப் பார்த்து, கிழவனுக்கு நேரம் போகவில்லை என்றார்கள். போகட்டும்.

பல மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. கொழும்புக் கம்பெனியின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஆமை பட்டறைக்காரர் பெயரில் இலங்கையில் பதிவானது. பதிவுச் சான்றிதழின் பிரதியை எடுத்துக்கொண்டு நானே கடைக்கு நடந்தேன். ஆணிகளில் புதுக் கத்திகள் தொங்கின. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை மாட்டி, அன்றைக்குப் போலவே விரல் வைத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். இத்தனை பாடுபட்டவருக்கு அதில் ஒரு மூலைகூடக் கிடைக்கவில்லையே என்று எனக்கு ஆற்றவில்லை.

"அக்கா, இதுல உங்க பேரு எங்கயும் இல்ல" என்றேன்.

"எதுக்கு சார் இருக்கணும்?" என்று நிஜமாகவே புரியாமல் கேட்டுவிட்டு, வாசலில் காத்து நின்றவருக்குக் கத்தி எடுத்துக் கொடுக்கப் போய்விட்டார்.